வளையும் மூட்டும் சொல்லப்படாத வலியும்: ஆட்டிசமும் முதுகுவலியும்

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடைய மாணவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாலும், காலை மடக்கி அதன்மேல் அமர்ந்தாலும், வரிசையில் நிற்கமாட்டாமல் சுவரில் சாய்ந்தாலும் அதை நடத்தைக் கோளாறாகவே எண்ணித் திருத்த முனைகிறோம். இவற்றுள் ஒரு பகுதி, தளர்ந்த மூட்டுகளைக் கொண்ட உடல் தன்னைத் தாங்கிக்கொள்ளும் முயற்சி என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்படியானால் ஆட்டிசப் பராமரிப்பில் மூட்டுச் சோதனைக்கும் முதுகுவலி பற்றிய விசாரிப்புக்கும் நிலையான இடம் வேண்டும்.

மூட்டு நெகிழ்வை அளக்க 1973-இல் பெய்ட்டனும் அவர் குழுவினரும் பயன்படுத்திய 9 புள்ளி முறை இன்றும் வழக்கில் உள்ளது. சிறுவிரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால் ஆகியவற்றுக்கு இருபக்கமும் சேர்த்து 8 புள்ளி. முழங்காலை மடக்காமல் உள்ளங்கையைத் தரையில் பதித்தால் இன்னும் 1. ஆட்டிசம், கவனக்குறைவு மிகையியக்கம் முதலியவை உடைய 109 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு, ஏறக்குறையப் பாதிப்பேரிடம் மிகை நெகிழ்வைக் கண்டது. பொதுமக்களிடம் அது 20 விழுக்காட்டளவே. நெகிழ்வுக்கும் அவர்களின் உடல்வலிக்கும் தொடர்பு இருப்பதையும் அவ்வாய்வு காட்டியது. காரணம் விளங்காத ஒன்றல்ல. எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்திருந்தால் அந்த வேலையும் தசைகளின் தலையில் விழுகிறது. நாள் முழுதும் இறுகியிருக்கும் இடுப்புத் தசைகள் மாலைக்குள் ஓய்ந்து வலிக்கின்றன.

அந்த வலி வெளியே தெரியாமல் போவதற்கும் காரணம் உண்டு. வலியைப் பொருட்படுத்தாததுபோல் தோன்றுவதை, 2013-இல் வெளிவந்த அமெரிக்க உளநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு ஆட்டிசத்தின் புலனுணர்வு வேறுபாடுகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. தோன்றுவது வேறு, இருப்பது வேறு. கடுப்பு, குடைச்சல், பிடிப்பு, குத்தல் என்று வலியை வகைபிரித்துச் சொல்லத் தமிழில் சொற்கள் ஏராளம். ஆனால் உள்ளுடல் உணர்வை இனங்காணவே இடர்ப்படுபவருக்கு அவை கைகொடுப்பதில்லை. மலேசியாவின் காம்பார் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் முதுகு வளைய உழைத்த தலைமுறையின் வழிவந்த குடும்பங்களில் இடுப்புவலி அன்றாடச் செய்தி. பிள்ளையின் வலி அங்கே எளிதில் கவனம் தப்பும்.

மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் ஆராய்ந்தால் தொடர்பு மிகைப்படும் என்பது. நியாயமே, ஆனால் 2016-இல் சுவீடன் நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வும், மூட்டுகளைத் தளர்த்தும் இணைப்புத்திசு நோயான எலர்ஸ்-டான்லோஸ் உடையவர்களிடம் ஆட்டிசம் 7 மடங்குக்கு மேல் காணப்பட்டதாகக் கூறியது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதனால் நிறுவப்படவில்லை. இரண்டும் சேர்ந்து வருவது தற்செயல் அல்ல என்பது மட்டும் உறுதி. இரண்டாவது, ஆசிய மக்களிடம் மூட்டு நெகிழ்வு இயல்பாகவே மிகுதி என்பது. இதுவும் உண்மையே. ஆகவே புள்ளியை மட்டும் பார்த்து நோய்ப்பெயர் சூட்டக்கூடாது; நெகிழ்வோடு வலியும் சோர்வும் அடிக்கடி சுளுக்கும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். மூன்றாவது, முதுகுவலி யாருக்குத்தான் இல்லை என்பது. 2020-இல் உலகில் சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகுவலி இருந்தது என்பது மதிப்பீடு. எல்லாருக்கும் வருவது, வாய்விட்டுச் சொல்ல இயலாதவருக்கும் வரும். அவரை விசாரிக்காமல் விடுவதற்கு அது காரணமாகாது.

மலேசிய அரசுச் சுகாதார நிலையங்களில் 18 மாதத்திலும் 3 வயதிலும் எம்-சாட் வினாத்தாளால் குழந்தைகளிடம் ஆட்டிச அறிகுறி தேடப்படுகிறது. அறிகுறி தெரிந்தபின் பேச்சுக்கும் நடத்தைக்கும் தரும் கவனத்தில் ஒரு பங்கை உடலுக்கும் தரவேண்டும். பெய்ட்டன் சோதனைக்குக் கருவி பெரிதாகத் தேவையில்லை. ஈப்போ பெரிய மருத்துவமனைவரை போகவேண்டியதுமில்லை, காம்பாரிலேயே சில நிமிடங்களில் முடியும். தளர்ந்த மூட்டு உடைய பிள்ளையை, நன்றாக வளைகிறான் என்று மெச்சி மேலும் வளைக்கும் பயிற்சியில் விடக்கூடாது. அவனுக்கு வேண்டியது தசையை வலுவாக்கும் பயிற்சி. நேராக உட்கார் என்று அதட்டுவதற்குமுன், உட்கார்ந்தால் எங்கே வலிக்கிறது என்று கேட்பதும், சொல்ல இயலாதவருக்கு உடற்படத்தைக் காட்டித் தொடச் சொல்வதும் ஆசிரியர், பெற்றோர், மருத்துவர் மூவரின் கடமை.