ஹைதராபாத்தின் பழைய கார்களும் அவற்றின் புஷ்களும்

காரின் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மோ, பட்டை ஸ்பிரிங்கோ சேஸியோடு சேரும் இடத்தில், போல்ட்டைச் சுற்றி ஒரு தடித்த வளையம் இருக்கும். அதுதான் சஸ்பென்ஷன் புஷ். சக்கரம் மேலும் கீழும் ஆட இடம் கொடுத்து, முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. புஷ் தேய்ந்த கார் பள்ளத்தில் இறங்கும்போது ‘டக்’கென்று சத்தம் போடும், நேர்ச்சாலையிலும் ஸ்டியரிங் அலையும், டயர் ஓர் ஓரமாகவே தேயும். ஹைதராபாத்தில் கார்கள் ஓடத் தொடங்கிய இந்த நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் இந்த வளையம் வெண்கலமாக இருந்தது, பிறகு ரப்பரானது, இப்போது பாலியூரித்தேனிலும் கிடைக்கிறது. பழைய காருக்குப் புஷ் வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் கார் இவற்றில் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதே.

முதல் காலத்தின் மிகச் சிறந்த சான்று சௌமஹல்லா அரண்மனையில் நிற்கும் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட். ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் அதற்கு ஆர்டர் கொடுத்தார். 1911 ஆகஸ்டில் அவர் காலமாகிவிட, கார் அவருடைய மகன் உஸ்மான் அலி கானிடம் வந்து சேர்ந்தது. லண்டன் பார்க்கர் நிறுவனம் பாடி கட்டிய அந்தக் காரின் பின்னிருக்கை சிம்மாசனம் போல உயர்ந்து நிற்கும். காரைத் தாங்குபவை பட்டை ஸ்பிரிங்குகள். அக்காலக் கார்களில் பட்டையின் முனை வளையமான ‘கண்’ணில் கன்மெட்டல் அல்லது வெண்கலப் புஷ் இருக்கும். அதற்குள் கடினமாக்கப்பட்ட எஃகுப் பின் சுழலும். புஷ் வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டது. தேய வேண்டியது மலிவான புஷ்ஷே, விலையுயர்ந்த ஸ்பிரிங் தேயக் கூடாது என்பது கணக்கு.

அந்தப் புஷ்ஷுக்கு எண்ணெயும் கிரீஸும்தான் உயிர். தக்காணத்தின் தூசி கிரீஸில் கலந்துவிட்டால் அதுவே அரைக்கும் பசையாகி உலோகத்தைத் தின்னும். ஆனால் மாற்றுவது எளிது. பின்னின் விட்டத்தையும் கண்ணின் விட்டத்தையும் அளந்து, கன்மெட்டல் உருளையை லேத்தில் கடைந்து, அழுத்தி ஏற்றி, ரீமர் விட்டு உள்விட்டத்தைச் சரிசெய்தால் வேலை முடிந்தது. லண்டனிலிருந்து பார்சல் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

லேத்தில் கை பழகியவர்கள் பெருக ஹைதராபாத்தில் நல்ல காரணங்கள் இருந்தன. நிஜாம் அரசு ரயில்வேயின் சாலைப் போக்குவரத்துப் பிரிவு 1932இல் 27 பஸ்களோடும் 166 ஊழியர்களோடும் தொடங்கியது. மோசமான சாலைகளில் பஸ்ஸை ஓட்டினால் புஷ்ஷும் பின்னும் ஓயாமல் மாற்ற வேண்டிய சாமான்கள். 1942இல் ஹைதராபாத் ஆல்வின் நிறுவனமும் 1943இல் பிராகா டூல்ஸும் தோன்றின. முன்னது பஸ்களுக்குப் பாடி கட்டியது. பின்னது இயந்திரக் கருவிகள் செய்தது. நகரத்தின் பட்டறைத் தொழில் இத்தகைய இடங்களின் நிழலில் வளர்ந்தது.

ரப்பர் புஷ் ஐரோப்பாவில் பிறந்தது. லியோன் தியரி என்பவர் 1920களில், உள்ளே ஓர் உலோகக் குழாய், வெளியே ஓர் உலோகக் குழாய், நடுவில் அழுத்தி வைத்த ரப்பர் என்ற அமைப்புக்குக் காப்புரிமைகள் பெற்றார். அதுவே ‘சைலன்ட்பிளாக்’ என்ற பெயரில் பரவியது. நம் மெக்கானிக்குகள் இன்றும் சொல்லும் ‘சைலன் பிளாக்’ அதுதான். இதில் எதுவும் உரசிச் சுழல்வதில்லை. இரண்டு குழாய்களுக்கும் நடுவில் ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்ப விரிகிறது. எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம். 1930களில் முன்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் சஸ்பென்ஷன் பரவியபோது ஒரு காரில் இருக்கும் மூட்டுகளின் எண்ணிக்கை கூடியது. கிரீஸ் வைக்கும் வேலையைக் குறைக்க ரப்பர் உதவியது.

ஹைதராபாத்தின் பெரிய வீடுகளில் நின்றவை பெரும்பாலும் பிரிட்டிஷ், அமெரிக்கக் கார்கள். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1949இல், பிரபுக்களுக்கு வருமானம் தந்த ஜாகீர் நிலங்கள் ஒழிக்கப்பட்டன. பல வீடுகளின் வருமானம் நின்றது. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கார் நிறுவனங்களுக்கு இடமில்லை என்று 1953இல் மத்திய அரசு முடிவெடுக்க, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டுப் போயின. இறக்குமதி உரிமமோ எளிதில் கிடைக்காது. கார் இருக்கிறது, ஓட்டவும் ஆள் இருக்கிறது, ரப்பர் புஷ் மட்டும் இல்லை.

இந்த நெருக்கடியில்தான், இன்றுவரை பழைய கார்களில் தென்படும் ஒரு பிழை வேர்விட்டது. லேத்தில் உலோகத்தையும் நைலானையும் கடைய முடியும். ரப்பரை அச்சில் வார்த்துச் சூடேற்ற வேண்டும். ஆகவே ரப்பர் இருந்த இடத்தில் கன்மெட்டலோ நைலானோ ஏறியது. பழைய டயரை வளையமாக வெட்டிச் சொருகுவதும் நடந்தது. கார் ஓடியது, அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளின் கைத்திறன் மதிக்கத்தக்கது. ஆனால் ரப்பர் விழுங்க வேண்டிய அதிர்வை உலோகம் நேரே சேஸிக்குக் கடத்தும். நாளடைவில் பிராக்கெட் விரிசல் விடும். டயர் ரப்பரில் நூலடுக்கு இருப்பதால் அது ஒரு திசையில் நெகிழும், மறு திசையில் நெகிழாது. தட்டுப்பாட்டுக் காலத்துக்குப் பொருந்திய இந்த வழியை இன்றும் பின்பற்ற எந்த நியாயமும் இல்லை.

பிறகு வந்தவை இந்தியாவில் செய்த கார்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து 1957இல் வந்த அம்பாசடர் 2014 வரை உற்பத்தியானது. ஃபியட் 1100இன் வழிவந்த பத்மினியும் பல்லாண்டு ஓடியது. இவற்றின் சாமான்கள் செகந்திராபாத் ராணிகஞ்ச் கடைகளில் வாடிக்கைச் சரக்காயின. கழற்றிய சாமான் வேண்டுவோருக்கு வியாழக்கிழமை கூடும் ஜுமேராத் பஜார் இருந்தது. சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961இல் தொடங்கிச் செய்த ஹெரால்டு தனி ரகம். அதன் முன் விஷ்போன்களில் ரப்பர் புஷ், ஸ்டப் ஆக்ஸிலின் அடியிலோ டிரன்னியன் எனப்படும் வெண்கலத் திருகு மூட்டு. டிரன்னியனுக்கு 90 கியர் ஆயில் ஊற்ற வேண்டும். கிரீஸ் அடித்தால் அது திருகு மரைகளுக்குள் இறங்காது. உள்ளே துருப்பிடித்து ஒருநாள் சக்கரமே சாய்ந்துவிடும். ஒரே மூலையில் இரண்டு காலத்துப் பொருள்கள் இருக்கும் காருக்கு இரண்டு விதப் பராமரிப்பும் தெரிந்திருக்க வேண்டும். 1983இல் வந்த மாருதி 800இல் முன் ஸ்டெபிலைசர் கம்பியே லோயர் ஆர்மை முன்பின் நகராமல் பிடிக்கிறது. அதன் புஷ் தளர்ந்தால் பிரேக் மிதித்ததும் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

கடையில் புஷ்ஷைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியின் மேலுள்ள பெயரைவிட ரப்பரின் நிலை முக்கியம். இருபது ஆண்டு அலமாரியில் கிடந்த ‘ஒரிஜினல்’ ரப்பர், ஓடாமலே முதுமை அடைந்திருக்கும். விரலால் வளைத்தால் விளிம்பில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் வேண்டாம். சில புஷ்களில் ரப்பருக்குள் பிறை வடிவ ஓட்டைகள் இருக்கும். ஒரு திசையில் மட்டும் நெகிழ்வதற்காகவே அவை விடப்பட்டவை. ஓட்டை இல்லாத புஷ்ஷை உறுதியானது என்று எண்ணி வாங்குவதும், ஓட்டை உள்ளதைத் திசைமாற்றி ஏற்றுவதும் தவறு.

பொருத்தும் முறையில்தான் நல்ல புஷ்கள் அதிகம் வீணாகின்றன. காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும்; சில மாதங்களில் கிழியும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, காரின் முழு எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். ஏற்றும்போது இன்ஜின் ஆயில் தடவினால் இயற்கை ரப்பர் ஊதிவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயரின் குழு உருவாக்கிய பாலியூரித்தேன் பிந்திய வரவு. அது எண்ணெய்க்கும் வெயிலுக்கும் ரப்பரைவிட நன்றாக ஈடுகொடுக்கும். ஆனால் ரப்பரைப் போல முறுக்கிக்கொள்ளாமல் குழாயின் மேல் வழுக்கிச் சுழல்வதால் சிலிக்கான் கிரீஸ் வேண்டும், இல்லையேல் கிறீச்சிடும். ஸ்டெபிலைசர் கம்பிக்கும், பட்டை ஸ்பிரிங்கைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிளுக்கும் அது நல்ல தேர்வு. பல திசைகளில் வளைய வேண்டிய மூட்டில் அது ஆர்மைப் பிடித்து நிறுத்திவிடும். அங்கே ரப்பரே சரி. நகரத்துக்குள் மெதுவாக ஓடும் அம்பாசடர், பத்மினிக்கு எல்லா மூட்டிலும் பாலியூரித்தேன் போடுவது பயணத்தைக் கடினமாக்கும் வீண்செலவு.

எந்தப் பொருளானாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாற்றியதும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். உற்பத்தி நின்றுபோன கார்களுக்கு வரைபடம் கடைகளில் கிடைப்பதில்லை. கழற்றிய பழைய புஷ்ஷின் உள்விட்டம், வெளிவிட்டம், நீளம் மூன்றையும் வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளும் வரை அதைத் தூக்கி எறியாதீர்கள்.