எஸ். சுப்பிரமணிய ஐயர் (1842–1924)

சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி. காங்கிரஸின் முதல் தலைமுறைத் தலைவர்களில் ஒருவர். ‘மணி ஐயர்’ என்று அழைக்கப்பட்டவர். 1842 அக்டோபர் 1இல் மதுரையில் பிறந்து, 1869 முதல் அங்கேயே வக்கீலாகத் தொழில் செய்தார். 1884இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். மறுஆண்டு பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில், சட்டசபைகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் இடம்பெற வேண்டும் என்று பம்பாய்ப் பிரதிநிதி தெலாங் கொண்டுவந்த தீர்மானத்தை வழிமொழிந்தார். நியமன உறுப்பினரே நியமன முறையின் போதாமையைச் சொன்னது கவனிக்கத்தக்கது. முத்துசாமி ஐயர் மறைந்ததால் காலியான நீதிபதி பதவியை 1895இல் ஏற்று, 1907 வரை வகித்தார். இடையில் பொறுப்புத் தலைமை நீதிபதியாகவும், 1904இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தராகவும் இருந்தார்.

இவர் வாழ்வை, அரசுக்கு அடங்கிய நீதிபதி என்றும் ஓய்வுக்குப் பின் கலகக்காரர் என்றும் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதுண்டு. சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அரசியல் பேசாமல் பட்டங்களை ஏற்றாரே என்று கேட்கலாம். ஜில்லாக்களில் கலெக்டரே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்த காலம் அது. நிர்வாகத்தையும் நீதியையும் பிரிக்கக் கோரிய கட்சியிலிருந்து வந்தவர், நீதிபதி இருக்கையில் அமர்ந்து அரசியல் பேசியிருந்தால் அதுவே முரண். பட்டங்களை ஏற்றதற்கு இந்த விளக்கம் போதாது. ஆட்சியைச் சட்டவழியில் திருத்திவிடலாம் என்ற அக்கால மிதவாதிகளின் நம்பிக்கை அதில் தெரிகிறது.

அந்த நம்பிக்கையை உலுக்கியது 1917 ஜூன். தன்னாட்சி கோரிய ஹோம் ரூல் லீக்கின் கௌரவத் தலைவராக இவர் இருந்தபோது, லீக்கை நடத்திய அன்னி பெசன்ட்டும் அவருடன் பணியாற்றிய அருண்டேலும் வாடியாவும் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். ஜூன் 24இல் இவர் அமெரிக்க அதிபர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அந்நிய நாட்டு அதிபரிடம் முறையிடுவது சட்டவழியா என்பது அடுத்த ஆட்சேபம். அப்போது அமெரிக்கா பிரிட்டனின் போர்க்கூட்டாளி. ஜனநாயகத்துக்காகவே போர் என்று அறிவித்தவர் வில்சன். அவர் சொன்ன கொள்கையை இந்தியாவுக்கும் பொருத்தச் சொல்வது ராஜத்துரோகமாகாது. தன்னாட்சி வாக்களித்தால் மூன்று மாதத்தில் ஐம்பது லட்சம் வீரர்கள் திரள்வார்கள் என்று கடிதம் கூறியது மிகை. ஆனால் கோரிக்கையின் நியாயம் அந்த எண்ணிக்கையைச் சார்ந்ததல்ல. பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மாண்டேகு அந்தக் கடிதத்தைக் கண்டித்தபோது, இவர் 1918இல் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். தாகூர் தம் பட்டத்தைத் துறந்தது அதற்கு மறுஆண்டு. விசாரணையில்லாத காவலை எதிர்க்க மணி ஐயர் புதிய கொள்கை எதையும் தேடவில்லை. நீதிமன்றத்தில் காத்த விதியையே அரசின்மீதும் பிரயோகித்தார். 1924 டிசம்பர் 5இல் காலமானார்.