அலை என்னும் சொல்



பசறையிலிருந்து பிபிலைக்குச் செல்லும் மலைப்பாதையில் உள்ளது லுணுகலை. சிங்களத்தில் 'லுணு' என்றால் உப்பு. 'கல' என்றால் கல். பெயரில் உப்பிருந்தும் கடல் அங்கிருந்து வெகு தொலைவு. எனினும், அலை என்னும் சொல் அவ்வூர்த் தோட்ட மக்களுக்கு அந்நியமானதன்று. அச்சொல்லின் வரலாற்றையே இன்று நோக்குவோம்.

ஜெர்மானியர் அலையை 'வெல்லெ' என்பர். உருளுதல் என்னும் பொருளுடைய பழைய வினையிலிருந்து பிறந்த சொல் அது. எந்திரத்தில் சுழலும் தண்டுக்கும் அம்மொழியில் அதுவே பெயர். ஆங்கிலத்தில் அலைக்கு முன்பு வேறு பெயர்கள் வழங்கின. அசைதலைக் குறிக்கும் வினையின் சாயலில் 16ஆம் நூற்றாண்டில் 'வேவ்' நிலைபெற்றது. ஆக, இவர்கள் நீரைக் கருதாது அதன் இயக்கத்தைக் கருதியே பெயரிட்டனர்.

தமிழும் அவ்வாறே. திரைதல் என்பது சுருங்குதல். ஆகவே கடலின் மடிப்பும் திரை, முதியோர் தோலின் சுருக்கமும் திரை. அலைதல் என்பதோ அசைதல். நிலையின்றித் திரிதலும் அதுவே. இவ்விரண்டாம் பொருளை மலையகத்தார் வாழ்ந்தே அறிந்தனர்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் உழைக்கத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களுள் மிகப் பலரை நாடற்றோர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராகப் பங்கிட்டது. பாட்டன் வந்த கடலின் வழியே பேரன் திரும்பினான். பிறந்த மண்ணோ இங்கே இருந்தது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

அலைக்கு இன்னுமொரு வாழ்வும் உண்டு. 1880களின் இறுதியில் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகளைச் சோதனையால் மெய்ப்பித்தார். அவற்றுக்கும் 'வெல்லெ' என்ற பழம்பெயரே அமைந்தது. 1953இல் தொடங்கிய ஜெர்மன் வானொலியின் பெயரே 'ஜெர்மன் அலை' என்பதாகும். 1925 முதல் ஒலிபரப்பு நிகழ்ந்துவரும் இலங்கையில் நாமும் சிற்றலை, மத்திய அலை என்றோம்.

முன்னோரை அலைக்கழித்த சொல்லே இன்று அவர்தம் பேரர் இல்லங்களுக்குத் தமிழோசையைச் சுமந்து செல்கிறது. அவ்வோசையைக் கேட்போர் இனி அலைய வேண்டாதவராய், தம் மண்ணில் நிலைத்தவராய் வாழ்தல் வேண்டும்.