கடலின் விலை என்ன? நோர்வே கற்ற பாடமும் பாக்கு நீரிணையும்

நோர்வேயின் எண்ணெய் வருமானத்தைச் சேமித்து வைக்கும் நிதியத்தின் பெறுமதியை எவரும் எந்நேரமும் இணையத்தில் பார்க்க முடியும். நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கும் அந்த எண், 2024ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 19.7 லட்சம் கோடி குரோனர்களாக இருந்தது. சுமார் 56 லட்சம் மக்களே வாழும் நாட்டில், இது ஆளொன்றுக்கு ஏறத்தாழ 35 லட்சம் குரோனர்.

இதனை இயற்கை தந்த அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் எண்ணெய் கிடைத்த நாடுகள் பல. அதன் பலனை அடுத்த தலைமுறைக்கும் மீத்து வைத்த நாடுகள் சில. ஓர் இயற்கை வளத்தின் பெறுமதி எவ்வளவு, அது யாரைச் சேர வேண்டும், அதில் எவ்வளவை எடுக்கலாம் என்ற மூன்று கேள்விகளை ஒஸ்லோவின் ஆட்சியாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எதிர்கொண்டு வந்துள்ளனர். முதல் கேள்விக்குச் சந்தை பதில் சொல்லிவிடும். மற்ற இரண்டுக்கும் சட்டமும் அரசியலும்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்கள் இல்லாமல் விலை மட்டும் வந்து சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு, தமிழர்கள் நன்கறிந்த ஒரு கடற்பரப்பே சாட்சியாக உள்ளது.

வளத்தின் வாடகை

பொருளியலில் 'வள வாடகை' என்றொரு கருத்து உண்டு. ஒரு பீப்பாய் எண்ணெய்யை விற்றுப் பெறும் பணத்திலிருந்து, அதனை எடுக்க ஆன செலவையும் முதலிட்டவருக்கு உரிய நியாயமான இலாபத்தையும் கழித்த பின் எஞ்சும் தொகையே அது. அந்த மிச்சம் எவருடைய உழைப்பாலும் உருவானதல்ல என்பதால், அது வளத்தின் சொந்தக்காரரான பொதுமக்களுக்கே சேர வேண்டும் என்று பொருளியலாளர்கள் வாதிடுகின்றனர்.

நோர்வேயில் இந்தச் சிந்தனை எண்ணெய்க்கு முன்பே, நீர்வீழ்ச்சிகளில் இருந்து தொடங்கியது. 1905இல் சுவீடனிடமிருந்து பிரிந்த புதிய நாட்டின் நீர்வீழ்ச்சிகளை வெளிநாட்டு முதலாளிகள் வாங்கத் தொடங்கியபோது, 1906இல் அவசரச் சட்டமும் 1909இல் விரிவான உரிமச் சட்டமும் கொண்டுவரப்பட்டன. தனியார் நிறுவனம் மின்சாரம் தயாரிக்கலாம். ஆனால் குறித்த காலம் முடிந்ததும் நீர்வீழ்ச்சியும் மின்நிலையமும் இழப்பீடின்றி அரசுக்குத் திரும்பிவிடும் என்பது அதன் சாரம்.

1969இன் இறுதியில் வட கடலின் எகோஃபிஸ்க் பகுதியில் பெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டபோது இதே அணுகுமுறை கடலுக்கும் நீட்டிக்கப்பட்டது. 1971இல் நாடாளுமன்றக் குழு ஒன்று வகுத்த பத்துக் கோட்பாடுகள், எண்ணெய் வளம் முழுச் சமூகத்துக்கும் பயன்பட வேண்டும் என்றும், பயன்படுத்தத்தக்க எரிவாயுவை வீணாக எரிக்கக் கூடாது என்றும் கூறின. இக்கொள்கைகளை வடிவமைத்தவர்களில் ஒருவர் ஃபாரூக் அல் காசிம். ஈராக்கின் பஸ்ராவைச் சேர்ந்த இந்தப் புவியியலாளர் 1968இல் நோர்வேக்குக் குடிபெயர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. தமது தாய்நாட்டின் எண்ணெய்யை வெளிநாட்டு நிறுவனங்கள் கையாண்ட விதத்தை அவர் உள்ளிருந்தே கண்டவர்.

இன்று எண்ணெய் நிறுவனங்களின் இலாபத்தின் மீது விதிக்கப்படும் மொத்த வரி சுமார் 78 சதவீதம். சேமிப்பு நிதியத்துக்கான சட்டம் 1990இல் இயற்றப்பட்டு, முதல் தொகை 1996இல் வைப்பிலிடப்பட்டது. நிதியத்தின் எதிர்பார்க்கப்படும் ஆண்டு வருவாய் அளவுக்கே அரசு செலவிடலாம் என்ற விதி 2001இல் வந்தது. 4 சதவீதமாக இருந்த அந்த அளவு 2017இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2023இல் கடல் சல்மன் வளர்ப்பின் மீதும் 25 சதவீத வள வாடகை வரி விதிக்கப்பட்டது. பொதுக் கடலைப் பயன்படுத்துவோர் அதற்கான வாடகையைத் தர வேண்டும் என்பதே அரசு முன்வைத்த காரணம்.

சேதத்துக்கும் ஒரு விலை

வளத்துக்கு விலை இருப்பது போலவே, அதனை எடுக்கும்போது ஏற்படும் சேதத்துக்கும் விலை வைக்கலாம். 1991இல் நோர்வே கரிவளி வரியை அறிமுகப்படுத்தி, கடலில் இயங்கும் எண்ணெய் மேடைகளையும் அதற்கு உட்படுத்தியது.

இதன் விளைவு வட கடலின் ஸ்லைப்னர் எரிவாயுத் தளத்தில் தெரிந்தது. அங்கு கிடைத்த எரிவாயுவில் ஏறத்தாழ 9 சதவீதம் கரியமில வாயு கலந்திருந்தது. விற்பனைக்கு முன் அதன் பெரும்பகுதியைப் பிரித்தாக வேண்டும். வரி இல்லாவிட்டால் அது வானில் கலக்க விடப்பட்டிருக்கும். வரி கட்டுவதைவிடக் கடலடிக்குக் கீழே புதைப்பது மலிவு என்று கணக்கிட்ட நிறுவனம், 1996 முதல் ஆண்டுக்கு 10 லட்சம் தொன் அளவில் அதனைக் கடலடி மணற்பாறைக்குள் செலுத்தத் தொடங்கியது.

எனினும் இந்தக் கணக்கில் ஒரு பெரும் இடைவெளி உண்டு. நோர்வே ஏற்றுமதி செய்யும் எண்ணெய் பிற நாடுகளில் எரிக்கப்படும்போது வெளியாகும் புகை நோர்வேயின் கணக்கில் சேர்வதில்லை. உள்நாட்டில் மின்சாரக் கார்களுக்குச் சலுகை வழங்கும் நாடு, வெளிநாட்டுக்கு எண்ணெய் விற்றே அச்சலுகைக்கான வசதியைப் பெறுகிறது என்று சூழலியல் அமைப்புகள் குற்றம் சாட்டுகின்றன.

பணத்தால் ஈடுகட்ட முடியாதது

எல்லா இழப்புகளையும் பணத்தால் அளக்க முடியுமா என்ற கேள்வியும் நோர்வேயின் நீதிமன்றங்கள் வரை சென்றது. நாட்டின் நடுப்பகுதியில் உள்ள ஃபோசன் தீபகற்பத்தில், பூர்வகுடியினரான சாமி மக்கள் கலைமான் மேய்க்கும் நிலங்களில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. கலைமான்களுக்குக் குளிர்காலத்தில் அடைப்பில் வைத்துத் தீனி கொடுப்பதற்கென, மேன்முறையீட்டு நீதிமன்றம் சுமார் 8.9 கோடி குரோனர் இழப்பீட்டை நிர்ணயித்தது.

2021 அக்டோபர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த அணுகுமுறையை ஏற்க மறுத்தது. மேய்ச்சல் என்பது வருமானம் மட்டுமல்ல, ஒரு மக்களின் பண்பாடு என்பதால், காற்றாலை உரிமங்கள் சிறுபான்மையினர் உரிமை தொடர்பான சர்வதேச உடன்படிக்கையை மீறியுள்ளன என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் காற்றாலைகள் அகற்றப்படவில்லை. தீர்ப்பு வந்து 500 நாட்கள் கடந்ததைக் குறித்து 2023 பிப்ரவரியில் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சக வாசலை மறித்தனர். பின்னர் அரசு மன்னிப்புக் கேட்டது; மேய்ப்பாளர் குழுக்களுடன் உடன்பாடுகளும் எட்டப்பட்டன. இயற்கைக்கு விலை வைப்பது பயனுள்ள கருவியாக இருக்கலாம். உரிமைக்கு அது மாற்றாகாது என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

மீனுக்குச் சொந்தக்காரர் யார்?

எண்ணெய் ஓரிடத்தில் கிடக்கும். மீன் நீந்திச் செல்லும். யாரும் வேலி போட முடியாத கடலில், நான் பிடிக்காத மீனை இன்னொருவர் பிடித்துவிடுவார் என்ற எண்ணம் ஒவ்வொருவரையும் கூடுதலாகப் பிடிக்கத் தூண்டுகிறது. இறுதியில் அனைவருமே நட்டமடைகின்றனர். 1954இல் கனடியப் பொருளியலாளர் ஸ்கொட் கோர்டன் இதனை விளக்கினார். நோர்வே இதை அனுபவத்தில் கற்றது. 1960களின் பிற்பகுதியில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால் வீழ்ச்சியுற்ற ஹெரிங் மீன்வளம் மீண்டெழ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

1989 ஏப்ரலில் வடக்கில் கொட் மீன்பிடியும் நெருக்கடிக்கு உள்ளாகி, கரையோரப் படகுகளின் மீன்பிடி ஆண்டின் நடுவே நிறுத்தப்பட்டது. 1980களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் பலர் வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில்தான் தமது புதிய வாழ்வைத் தொடங்கியிருந்தனர். கடலில் மீன் குறைந்தால் கரையில் வேலை குறையும் என்பதை அவர்களும் அங்கு கண்டனர். 1990 முதல் ஒவ்வொரு படகுக்கும் தனித்தனி ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. இந்த ஒதுக்கீட்டு உரிமைகள் காலப்போக்கில் பெரிய படகு உரிமையாளர்களிடம் குவிந்தன என்ற மனக்குறை சிறு மீனவர்களிடம் இன்றும் உண்டு.

பேரன்ட்ஸ் கடலின் கொட் மீன் நோர்வேக்கு மட்டும் உரியதல்ல. அதனை அன்றைய சோவியத் ஒன்றியத்துடன் பகிர 1975இல் உடன்பாடு காணப்பட்டது. பனிப்போர்க் காலத்திலும், 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பின்னரும், இரு நாடுகளும் ஆண்டுதோறும் கூடி மொத்தப் பிடிப்பளவை நிர்ணயித்து வந்துள்ளன. 2021இல் 885,600 தொன்னாக இருந்த அளவு, மீன்வளம் குறைந்ததால் 2025இல் 340,000 தொன்னாக வெட்டப்பட்டது. பகை நாடுகளாயினும், மீன் இல்லாவிட்டால் பங்கிட எதுவும் இருக்காது என்பதில் அவை உடன்படுகின்றன.

வலை வந்தது, வரம்பு வரவில்லை

நோர்வேக்கும் தென்னிந்தியக் கடலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1952 அக்டோபரில் நோர்வே, இந்தியா, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் கையெழுத்திட்ட இந்திய - நோர்வே மீன்வளத் திட்டம் கேரளத்தின் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கியது. நோர்வேயின் முதலாவது வெளிநாட்டு அபிவிருத்தித் திட்டம் இதுவே. இயந்திரப் படகுகளும் குளிர்பதன வசதியும் மருத்துவ நிலையமும் ஏழை மீனவர்களுக்கு உதவும் என்பதே நோக்கம். 1960களில் இத்திட்டம் தமிழ்நாட்டின் மண்டபத்துக்கும் விரிவடைந்தது.

இதற்கிடையில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இறாலுக்கு நல்ல விலை கிடைத்தது. அரசின் மானியமும் தனியார் முதலீடும் சேர, கடலடியை வாரும் இழுவைப்படகுகள் தென்னிந்தியக் கரையெங்கும் பெருகின. இழுவைப்படகுகள் நோர்வேயிலும் உண்டு. ஆனால் அவை உரிமத்துக்கும் ஒதுக்கீட்டுக்கும் உட்பட்டவை. இந்தியக் கரைக்கு வந்தவை படகும் வலையும் சந்தையும் மட்டுமே. பிடிப்பளவுக்கு வரம்பு வரவில்லை.

ஆழம் குறைந்த பாக்கு நீரிணையில் இதன் விளைவு கடுமையாக வெளிப்பட்டது. 1974, 1976 உடன்படிக்கைகள் கடல் எல்லையை வரைந்தனவே தவிர, மீன்வளத்தை எவ்வாறு பகிர்ந்து பேணுவது என்ற ஏற்பாட்டைச் செய்யவில்லை. போர்க்காலத்தில் வட இலங்கை மீனவர்கள் கடலுக்குச் செல்வது முடக்கப்பட்டிருந்தபோது, தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் அக்கடலில் தொழில் செய்து பழகின. 2009இல் போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது, தமது வலைகள் அறுபடுவதையும் மீன் குறைவதையும் கண்டனர். மறுகரையில், கடன் வாங்கிப் படகு வாங்கியவர்களும் கூலிக்குச் செல்லும் தொழிலாளரும் கைதுக்கும் படகு பறிமுதலுக்கும் உள்ளாகின்றனர். இருபுறமும் பாதிக்கப்படுவோர் தமிழ் பேசும் மீனவர்களே.

2017 ஜூலையில் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டில் இந்தியா, இழுவைப்படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரைமீன் படகுகள் வாங்கும் திட்டத்தை அறிவித்தது. 80 லட்சம் ரூபாய் பெறுமதியான படகுக்கு மத்திய அரசு 50 சதவீதமும் மாநில அரசு 20 சதவீதமும் மானியம் அளிப்பதாகக் கூறப்பட்டபோதும், எதிர்பார்த்த அளவுக்கு மீனவர்கள் முன்வரவில்லை. மீதித் தொகையின் சுமையும், பழக்கமில்லாத ஆழ்கடல் தொழிலும் தடைகளாயின. 2016இல் இரு நாடுகளும் அமைத்த கூட்டுச் செயற்குழு கைதுகளையும் படகுகளையும் பற்றிப் பேசியது. எவ்வளவு மீனை எடுக்கலாம் என்ற பொது வரம்பை அது வகுக்கவில்லை.

இக்கடலில் ஒழுங்கே இருந்ததில்லை என்று கூறிவிட முடியாது. இராமேசுவரம் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாட்கள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாட்கள் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக உள்ளது. பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டியமைக்காக எலினோர் ஒஸ்ட்ரம் 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் கடல் எல்லையைத் தாண்டும் படகுக்கும் மீனுக்கும் ஒரு கரையின் ஏற்பாடு போதாது.

இறாலின் விலையை ஏற்றுமதிச் சந்தை அறுபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அந்த இறால் வளரும் கடலடி அழிவதன் விலை எந்த நாட்டின் வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறவில்லை. அதனை இரு கரைகளின் மீனவக் குடும்பங்களே செலுத்தி வருகின்றன. ஒஸ்லோவும் மொஸ்கோவும் ஒரே மேசையில் அமர்ந்து மீனை எண்ண முடியுமாயின், புது டில்லியும் கொழும்பும் அதனைச் செய்ய முடியாமைக்கு இயற்கையைக் காரணம் காட்ட இயலாது.