சதைக்குள்ளே முளைச்ச எலும்பு

நான் காலேஜ் முதல் வருஷம் படிக்கும்போது எங்க சித்திக்கு கேஸ் கசிஞ்சு தீக்காயம். பிழைச்சு வந்துட்டாங்க. புண்ணெல்லாம் ஆறின பிறகு வலது முழங்கை மடங்கல. வலிக்குப் பயந்து பயிற்சி செய்யாம ஏமாத்தறாங்கன்னு வீட்டுல எல்லாரும் திட்டினோம். நானும் ஒருநாள் கையைப் பிடிச்சு இழுத்தேன். அவங்க கத்தினது இன்னும் காதுல இருக்கு. அப்புறம் எக்ஸ்ரே எடுத்தா, முழங்கைக்குப் பின்னாடி புதுசா ஒரு எலும்பு!

பொட்டி தட்டறவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேக்காதீங்க. அன்னைக்கு வந்த குடைச்சல்லதான் இதோட பழைய கதையைத் தேடிப் படிச்சேன்.

1736-ல லண்டன் ஜான் ஃப்ரீக்னு ஒரு சர்ஜன், ஒரு பையனோட முதுகு முழுக்க பவளக்கொடி மாதிரி எலும்பு கிளைவிட்டிருக்கிறதை ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அது பிறவியிலேயே வர்ற அபூர்வ நோய். அதுக்குக் காரணமான மரபணு 2006-லதான் பிடிபட்டது.

காயத்துக்கப்புறம் வர்ற எலும்பு முதல் உலகப்போர்ல வெளிச்சத்துக்கு வந்தது. பாரீஸ்ல ஒகுஸ்தா தெஜெரின்-க்ளூம்ப்கேங்கிற அம்மா, பெண்களை மருத்துவமனைப் பயிற்சிக்கே சேர்க்க யோசிச்ச காலத்துல போராடி உள்ளே போனவங்க. தண்டுவடத்துல அடிபட்டு கால் விழுந்துபோன சிப்பாய்களை அவங்களும் செய்யியேவும் ஆராய்ஞ்சாங்க. இடுப்பு, முழங்கால் பக்கத்துல, இருக்கக்கூடாத இடத்துல எலும்பு. அதுவும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு! 1918-ல எழுதினாங்க. வெறும் சுண்ணாம்பு படியறது வேற, இது வேற. இது மஜ்ஜையோட இருக்கிற நிஜ எலும்பு.

ஏன் முளைக்குது? 1965-ல அமெரிக்காவுல மார்ஷல் யூரிஸ்ட், எலும்புத் துண்டை அமிலத்துல போட்டு சுண்ணாம்பை நீக்கிட்டு, மிருகங்களோட சதைக்குள்ளே வெச்சார். சதையில புது எலும்பு உருவாச்சு. எலும்புக்குள்ளே இருக்கிற ஏதோ ஒரு புரதம் பக்கத்து செல்லுக்கு 'நீ எலும்பாகு'ன்னு கட்டளை போடுதுன்னு புரிஞ்சது. எங்க பாஷையில சொன்னா, சரியான கோடுதான், தப்பான இடத்துல ஓடுது.

தீக்காயத்துல உடம்பு முழுக்க அழற்சி. அதுதான் இந்தக் கட்டளையைக் கிளப்பி விடுதுங்கறாங்க. வெந்த இடத்துலதான் முளைக்கணும்னு இல்ல, ஆனா முழங்கைதான் அதுக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பக்கத்துல ஓடற நரம்பை அழுத்தினா சுண்டுவிரல் மரத்துப் போகும். சித்திக்கும் மரத்துச்சு. அதையும் நாங்க நம்பல.

பிறகு ஆபரேஷன் பண்ணி அந்த எலும்பை எடுத்தாங்க. இப்ப அவங்களே டம்ளரைத் தூக்கி காபி குடிக்கிறாங்க. போன பொங்கலுக்கு மன்னிப்பு கேட்டேன். "அட போடா, உனக்கு அப்ப என்ன தெரியும்"னுட்டாங்க.

அதான் மக்களே, தீக்காயம் பட்டவங்க 'மடக்க முடியல'ன்னா நம்புங்க. இழுக்காதீங்க. முதல்ல டாக்டர்கிட்ட காட்டி ஒரு எக்ஸ்ரே எடுங்க.