டிகிரியும் வேலையும்: 1794-இல் ஒரு சர்வே ஸ்கூல்

'டிகிரி முடிச்சிட்டு வர்றாங்க, வேலை தெரியலை' என்பது ஐடி கம்பெனிகளில் வழக்கமான புலம்பல். ஏதோ நேற்று வந்த பிரச்சினை மாதிரி பேசுகிறோம். மெட்ராஸில் இந்தக் கதை இருநூறு வருடங்களுக்கு மேல் பழசு.

கிண்டி இன்ஜினியரிங் காலேஜின் மூலம், 1794-இல் கோட்டைப் பக்கம் மைக்கேல் டாப்பிங் ஆரம்பித்த சர்வே ஸ்கூல். மாணவர்கள் எட்டே பேர். கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த நிலத்தையெல்லாம் அளக்க ஆள் தேவைப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் செலவு அதிகம். ஆகவே இது தர்ம காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் பாடமும் வேலையும் அங்கே ஒன்றாகவே நடந்தன. அளக்கக் கற்றுக்கொண்ட பையன் நேரே சர்வே பார்ட்டியோடு கிளம்பினான்.

இந்தப் பையன்கள் வந்த இடம் இன்னும் சுவாரசியமானது: எழும்பூரில் இருந்த ஆண் அநாதை இல்லம். ஐரோப்பிய சிப்பாய்களின் பிள்ளைகள் படித்த இடம். அதை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம்ம ஊர் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். வாத்தியார்கள் ஒத்துழைக்கவில்லை. சரி என்று ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்தார். நம்ம சட்டாம்பிள்ளை முறைதான்! 1797-இல் பெல் லண்டனில் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் பரவியது. இன்றைக்கு 'டீம் மேனேஜ்மென்ட்' என்று தனிப் பேப்பர் வைக்கிறோமே, அதை அந்தப் பையன்கள் பொறுப்பு ஏற்றே கற்றுக்கொண்டார்கள்.

1857-இல் மெட்ராஸ் பல்கலைக்கழகம் வந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில், கல்லூரிகளை இணைத்துக்கொண்டு பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பதே அதன் ஆரம்ப கால வேலை. பட்டம் பரீட்சையோடு நின்றது. தொழில் பழக்கம் வெளியே போனது. அந்த இடத்தை நிரப்பியவை நம்ம தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள். மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கம் பி.ஏ., பி.காம். படித்தவர்கள் கூடவே லோயர், ஹையர் பாஸ் பண்ணினார்கள். தொண்ணூறுகளில் அதே இடத்துக்கு கம்ப்யூட்டர் சென்டர்கள் வந்தன. இரண்டிலும் ஒரு சிக்கல்: காலேஜ் ஃபீஸுக்கு மேலே இன்னொரு ஃபீஸ். கட்ட முடிந்தவருக்குத்தான் அந்தத் திறமை.

இந்த இடத்தில்தான் 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் முக்கியமாகிறது. திறன் பயிற்சியை மறுபடி பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்து, கிரெடிட்டும் கொடுக்கிறார்கள். வெளியே ஃபீஸ் கட்ட வழியில்லாத மாணவருக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் அதுவும் இன்னொரு பேப்பராக, இன்னொரு சர்டிஃபிகேட்டாக மாறிவிட்டால் 1857-க்குத்தான் திரும்பிப் போவோம். கார்ப்பரேஷன் வார்டு ஒன்றின் மழைநீர் வடிகால்களை ஒரு செமஸ்டர் முழுக்க மாணவர்கள் அளக்கட்டும். மூன்றாம் வருட மாணவர் முதல் வருடத்துக்காரர்களை வைத்து வேலை வாங்கட்டும். தப்பாக அளந்தால் மறுபடி போய் அளக்க வேண்டும். டாப்பிங்கும் பெல்லும் இதே ஊரில் செய்து பார்த்ததுதான் இது.