இரண்டாம் ஏலத்தின் விலை

பழனி மலையடிவாரத்து பாலசமுத்திரத்தில், டீக்கடைப் பெஞ்சில் கேட்ட ஒரு வாக்கியத்தில்தான் இந்தத் தேடல் தொடங்கியது. டிவியில் புரோ கபடி ஓடிக்கொண்டிருந்தது. “பாடிப் போறவனுக்கு ரெண்டாந்தடவை கோடி குடுக்கறது, தேஞ்ச முழங்காலை ஏலத்துல எடுக்கற மாதிரிங்க” என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். சடுகுடு என்று சொல்லிப் பழகிய தலைமுறை அது. எதிரணிக் களத்துக்குள் மூச்சடக்கிப் பாடிப் போகிறவரை லீக் ‘ரைடர்’ என்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை அணைத்துக்கொண்டு எதிரிகளின் நடுவே பாயும் ‘ரன்னிங் பேக்’கைப் பற்றியும் இதே வழக்குதான்: முதல் ஒப்பந்தம் முடிந்ததும் அவருக்குப் பெருந்தொகை தரலாமா? பெரியவர் சொன்னதை ஏலப் பட்டியல்களில் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நோட்டைத் திறந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது மோனு கோயத். 2018 ஏலத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரை 1.51 கோடிக்கு எடுத்தது. அந்த ஆண்டின் உச்ச விலை. அடுத்த ஆண்டு உ.பி. யோதா கொடுத்தது 93 லட்சம். 2021இல் பாட்னா பைரேட்ஸ் 20 லட்சம். ராகுல் சௌதரியின் சரிவு இன்னும் செங்குத்து: 2018இல் 1.29 கோடி, பிறகு தமிழ் தலைவாஸில் 94 லட்சம், புனேயில் 40 லட்சம், 2022இல் ஜெய்ப்பூரில் 10 லட்சம். ‘நிரூபணம்’ என்று ஓரத்தில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

அந்த அவசரத்துக்கு மறுநாளே வெட்கப்பட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுகளின் ஏல விதியில் ஏ பிரிவு வீரரின் தொடக்க விலை 30 லட்சமாக இருந்தது, பி பிரிவுக்கு 20, சி பிரிவுக்கு 10. ஆக 20 லட்சமும் 10 லட்சமும் யாரும் எடைபோட்டுச் சொன்ன மதிப்பில்லை. போட்டிக்கு இன்னொரு கை உயரவில்லை என்பதற்கு மேல் அந்த எண்கள் எதையும் சொல்வதில்லை. கோயத்தை எடுத்த பாட்னா அந்தப் பருவத்தில் இறுதிப்போட்டி வரை போனது. 10 லட்சத்து ராகுல் இருந்த ஜெய்ப்பூர் கோப்பையையே வென்றது. அடிக்கோட்டை அழித்தேன். விலை விழுந்ததை வைத்து ஆட்டமும் விழுந்தது என்று சொல்ல முடியாது.

எனவே புள்ளிக் கணக்குக்குப் போனேன். ‘டுப்கி கிங்’ பர்தீப் நர்வால், பிடிக்க வரும் கைச்சங்கிலியின் அடியில் குனிந்து முக்குளித்து வெளியேறுபவர். பாட்னாவுக்காக 2017 பருவத்தில் 369 ரைடு புள்ளிகள். அந்த அணி தொடர்ந்து மூன்று கோப்பைகளை வென்றபோது அவர் கூடவே இருந்தார். ஆனால் அவருடைய உச்ச விலை, உ.பி. யோதாவின் 1.65 கோடி, 2021இல்தான் வந்தது. அந்தப் பருவத்தில் அவர் எடுத்தவை 188. மறு ஆண்டு அதே அணி அவரை 90 லட்சத்துக்குத் திரும்ப எடுத்தது. எடுத்த புள்ளிகளோ 220! விலை இறங்க, புள்ளி ஏறியது. பெரியவரின் வாக்கியம் இங்கே சற்று ஆட்டம் கண்டது. இருந்தாலும் இரண்டில் எதுவும் 369க்குப் பக்கத்தில் வரவில்லை. 2025 ஏலத்தில் அவரை யாரும் எடுக்கவில்லை. 1,801 ரைடு புள்ளிகளோடு ஓய்வை அறிவித்தார்.

நான் அதிக நேரம் செலவிட்ட பக்கம் நம்ம ஊர் அணியுடையது. 2022இல் தமிழ் தலைவாஸ் பவன் செஹ்ராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. ஓர் அணி மொத்த வீரர்களுக்கும் செலவிடக்கூடிய பணப்பை அந்த ஆண்டு 4.4 கோடி, பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போயிற்று. முதல் ஆட்டத்திலேயே, குஜராத்துக்கு எதிராக, முழங்கால் போனது. பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. அந்த இடத்தில் பாட வந்தவர் நரேந்தர். ‘புதிய இளம் வீரர்’ என்ற வகையில், ஏலமே இல்லாமல் சிறு தொகைக்குச் சேர்க்கப்பட்டவர். முதல் பருவத்திலேயே 243 ரைடு புள்ளிகள். தலைவாஸ் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது.

ரைடரை மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. முழங்கால் விபத்து ஒரு தற்செயல்தானே என்ற சந்தேகமும் கூடவே வந்தது. அதற்கு அடுத்த பருவத்தின் கணக்கு உதவியது. தெலுகு டைட்டன்ஸ் 2.605 கோடி கொடுத்து எடுத்த பவன் காயமின்றி ஆடினார், 202 ரைடு புள்ளிகளும் குவித்தார். அணி 22 ஆட்டங்களில் இரண்டே வென்று கடைசியில் நின்றது. அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை; மிச்சப் பணத்தில் பிடிக்கிறவர்களை வாங்க முடியவில்லை.

பிடிக்கிறவர்களின் பக்கத்தைப் புரட்டினால் காலம் வேறு மாதிரி நடக்கிறது. தஞ்சைப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் 1975இல் பிறந்தவர். 2016இல் பாட்னாவின் தலைவராகக் கோப்பையைத் தூக்கினார். 2019இல், 44 வயதில், ஹரியானாவுக்காகப் பிடிக்கும் வரிசையின் ஓரத்தில், கார்னரில், நின்றார். காத்திருந்து கணுக்காலைப் பிடிப்பவருக்குத் தேய்மானம் குறைவு போலும். பிடிப்பதில் வல்லவரான ஈரானின் ஷாட்லூயை 2.35 கோடிக்கு எடுத்த புனே அந்தப் பருவம் கோப்பையை வென்றது, அடுத்து 2.07 கோடிக்கு எடுத்த ஹரியானாவும் வென்றது.

எதிர்ச்சாட்சியை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2024இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், முதல் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு எடுத்த ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லி அந்தப் பருவத்தில் 2,005 யார்டு ஓடினார். அணி சூப்பர் பவுலை வென்றது. ஆனால் அவருக்கு வழி திறந்துவிட்ட முன்வரிசைத் தடுப்பாளர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அங்கு இருந்தார்கள்.

கடைசியாக நோட்டில் இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். சித்தார்த் தேசாய், 2018இல் யு மும்பாவுக்கு, 36.4 லட்சம். அதே தேசாய், 2019இல் தெலுகு டைட்டன்ஸுக்கு, 1.45 கோடி. இரண்டு பருவத்திலும் 200 புள்ளிகளைத் தாண்டியவர். வேலை ஒன்று, கூலி நான்கு மடங்கு. அப்படியானால் முதல் ஆண்டு அவருக்குச் சேர வேண்டியதில் பெரும்பங்கு யு மும்பாவிடம் தங்கிவிட்டது. அந்தப் பாக்கியைத் தீர்த்தது, அந்த உழைப்பை அனுபவிக்காத இன்னொரு அணி. வாங்குகிறவருக்கு நஷ்டம், வாங்கப்படுகிறவருக்கு நியாயம். இரண்டும் ஒரே எண்ணில் இருக்கின்றன.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “அப்ப மொதத் தடவையே ஒழுங்காக் குடுத்திருக்கலாம்லங்க?” ஏலப் பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.